கேள்வி பதினான்கு

எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்க வேண்டும்.
விளக்கக் கூடாது.
யாராவது அர்த்தம் கேட்டால்
"உங்களுக்கு எப்படிப் படுகிறதோ அப்படி" எனலாம்.
அவ்வளவுதான் எங்களுக்கு விட்டிருக்கும் சுதந்திரம்.
மணிக்குப் பதினாறு டாலர்.
ஹெட்போனின் நுரை உதிர்ந்து காதில் ஒட்டும்.

விஸ்கான்சினில் பிப்ரவரி, ஐந்தரைக்கே இருட்டு.
ஊர் சாப்பிட உட்காரும் நேரம்
எங்களுக்கு அறுவடை நேரம்.

கேள்வி பதினான்கு:
பெரும் செல்வர்கள் தரும் நன்கொடைகளை
அரசு நெறிப்படுத்துவதை நீங்கள்
வலுவாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா,
ஓரளவு எதிர்க்கிறீர்களா, வலுவாக எதிர்க்கிறீர்களா?

"தெரியாது" என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் உண்டு.
அதை வாசிக்கக் கூடாது.
அவர்களாகவே வந்து அதில் விழ வேண்டும்.

இன்று விழுந்த எண்கள் எல்லாம்
கெட்டில்சன் காகித ஆலை இருந்த ஊர்.

ஆர்வில் டுபே, பால்பண்ணைக்காரர்:
"தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
நாற்பது வருஷம் மாடு வாங்கி விற்றவன் நான்.
பல்லைப் பார்க்காமல் ஒரு மாட்டையும்
கொட்டிலுக்குள் விட்டதில்லை.
எழுதிக்கொள், வலுவாக."
எதை வலுவாக என்று கேட்பதற்குள்
வைத்துவிட்டார்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஜோலீன் ப்ரஸ்கா:
"அவர் பணம், அவர் கை.
பக்கத்து வீட்டுக்கு நான் சூப் கொண்டுபோனால்
யாராவது படிவம் கேட்கிறார்களா?"
பிறகு, பாத்திரச் சத்தத்துக்கு நடுவில்,
"ஆனால் நூற்றுப்பத்து மைல் தள்ளி
ஜெல்லிமீனுக்கு மாளிகை கட்டியிருக்கிறார்.
இங்கே நகராட்சி நீச்சல்குளத்தில்
மூன்று கோடையாகத் தண்ணீர் இல்லை.
கொடுத்ததை வரியில் கழித்துக்கொண்டாராம்.
ஊரார் வெண்ணெய், அவர் கரண்டி.
அதில் என் வெண்ணெய் எவ்வளவு என்று
உன் கணினியில் இருக்கிறதா?"
இல்லை மேடம் என்றேன்.

ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், பெயர் சொல்லவில்லை:
"நெறிப்படுத்துவது என்றால்?
வருஷத்துக்கு இவ்வளவு செலவழித்தாக வேண்டும் என்பதா,
சுவரில் பெயர் கூடாது என்பதா?"
உங்களுக்கு எப்படிப் படுகிறதோ அப்படி.
"எனக்கு ஏழு விதமாகப் படுகிறதே."

ஒரு பையன் மட்டும் கேட்டான்
இந்தக் கணக்கெடுப்புக்கு யார் காசு என்று.
அதற்கும் எழுதிவைத்த பதில் உண்டு:
இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை.
நான் வாசித்து முடித்த பிறகும்
அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

எட்டு ஐம்பதுக்குக் கடைசி அழைப்பு.
மரிசோல் அபார்கா. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அவர் கட்டிய மருத்துவமனையில்தான் இரவில் துடைக்கிறேன்.
அவர் பெயர் பித்தளை. வாரம் இருமுறை தேய்க்க வேண்டும்.
நூறு டாலர் கொடுத்தவர்களின் பெயர்
வாசல் நடைபாதையில், செங்கல்லில்.
பனிக்குத் தூவும் உப்பு அதைத் தின்றுவிடுகிறது.
போன குளிரில் ஒரு கல்லில்
'அன்புடன்' மட்டும் மிஞ்சியிருந்தது."

கேள்விக்கு வருவோமா என்றேன்.

"என் மகன் ஏழாம் மாதத்தில் பிறந்தவன்.
நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில்.
பெட்டியின் மேலும் அவர் பெயர்தான்.
நான் என் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே
அங்கே ஒரு பெயர் இருந்தது.
சரி, இன்னொரு முறை வாசி."

வாசித்தேன்.

"இன்னொரு முறை."

சாவிக்கொத்து குலுங்கியது. கதவு திறந்து
காற்று உள்ளே வரும் சத்தம்.

"சட்டம் வேண்டும்," என்றாள்.
"அந்தப் பெட்டியை எடுத்துவிடாது என்றால்."

'என்றால்' என்பதற்குக் கட்டம் இல்லை.
ஓரளவு ஆதரவு என்று போட்டுக்கொள்ளவா?

"ஓரளவா?
அந்த நாற்பத்தொரு நாளில்
எதுவுமே ஓரளவாக இல்லையே."

மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தட்டிக்
கடிகாரத்தைக் காட்டினார்.
பதினான்கைக் காலியாக விட்டால்
கணினி அடுத்ததற்கு நகராது.
ஏதோ ஒன்றை அழுத்தினேன்.

கேள்வி பதினைந்து:
உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?

"இரண்டு," என்றாள்,
நான் வாசித்து முடிப்பதற்குள்.