அரைப் பேர்

பதினொரு பேர் எழுத வேண்டும்.
பத்து எழுதிவிட்டேன்.

நோர்வூட் பேக்கரிக்கு மேலே
மாமூட்டை அடுக்கிய அறைதான் எங்கள் கிளப்.
பயிற்சியாளர் வேலை கேட்டேன்,
செயலாளர் வேலையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்,
ஒரு மேசை, ஒரு சாவி, ஒரு கொப்பியோடு.
வேன் கூலி ஏழாயிரம், பாதி பாக்கி.
நடுவருக்கு ஆயிரத்து ஐந்நூறு, தேத்தண்ணி தனி.
சுண்ணாம்பு இரண்டு கிலோ.
பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி,
இந்த வருடம் நாலாவது.
ஜெர்சி நெஞ்சில் பேக்கரிப் பெயர் போட்டால்
வேன் பாக்கியைத் தீர்ப்பாராம் முதலாளி.
முதுகில் போடுகிறேன் என்று பேரம் பேசுகிறேன்.
இடது ஓரத்தில் நான் ஓடிய நாளில்
இதையெல்லாம் யார் கட்டினார்களென்று
ஒருநாளும் கேட்டதில்லை.

கோல் காப்பாளன் விமலதாசன்
கொழும்பு ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவன்.
இரவு பஸ்ஸிலிருந்து போன் வருகிறது:
"அவிசாவளை தாண்டிட்டேன் கோச்."

பதினொன்றாவது இடத்துக்கு இருவர்.
டிக்கோயாப் பையன், பத்தொன்பது வயது, காற்று மாதிரி.
மற்றது செபமாலை.
பதினாலு வருடம் என் காலுக்குப் பந்து தந்தவன்.
என் முட்டி உடைந்த அன்று
கொழுந்துச் சாக்கில் என்னைக் கிடத்தி
ஆஸ்பத்திரி வரை ஒரு முனை பிடித்தவன்.

மலையில் கிலோ குறைந்தால்
அரைப் பேர் போடுவார் கணக்கப்பிள்ளை.
அம்மாவின் முகத்தைப் பார்க்கமாட்டார்,
கொப்பியைத்தான் பார்ப்பார்.
அந்தக் கையை உடைக்க வேண்டுமென்று
பத்து வயதில் நினைத்திருக்கிறேன்.

பையனின் பேரை எழுதினேன்.
கோட்டுக்குக் கீழே, மாற்று ஆட்டக்காரர்: செபமாலை.

காலையில் தாளை நீட்டினேன்.
வாசித்துவிட்டுச் சிரித்தான்.
"என்னடா, எனக்கு அரைப் பேரா?"
நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் குனிந்து பூட்ஸ் கட்டினான்,
இரண்டு முடிச்சு.

இரண்டாம் பாதியில் பனிமூட்டம் இறங்கியது.
முதலில் எதிர்க் கோல் கம்பம் போனது,
பிறகு நடுக்கோடு, பிறகு பையன்.
தகடு வைத்த முட்டியில் குளிர் ஏற
ஓரக்கோட்டில் நிற்கிறேன்.
உள்ளேயிருந்து யாரோ பந்து கேட்கிறான்.
என் இடது கால் தானாக
ஒரு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வருகிறது.

விசில்.
கத்தல்.
கோலா, யாருக்கு, தெரியவில்லை.
பக்கத்தில் செபமாலை எழுந்து
ஜாக்கெட்டைக் கழற்றுகிறான்.
நான் இன்னும் கூப்பிடவில்லை.