கோட்டுக்கு இந்தப் பக்கம்

கப்பன் பார்க்கில் ஜனவரி எட்டரை மணிக்குப்
பனி இன்னும் வலையில் உட்கார்ந்திருக்கும்.
ஆபீசில் நான்கு நாள் கேஷுவல் லீவு.
காரணம்: சொந்த வேலை.
சொந்த வேலை என்பது
முழங்கால்மேல் கை ஊன்றிக் குனிந்து
ஒரு வெள்ளைக் கோட்டை
இமைக்காமல் பார்ப்பது.

இந்த வருடம் பிரிட்டனிலிருந்து நாலு பிள்ளைகள்.
எவள் மேலே போவாள் என்று
எனக்கும் பசவராஜுக்கும் பந்தயம்,
எப்போதும்போல ஒரு பெண்ணெ தோசை.
முடிவு தெரிய ஐந்து வருடமாகும் என்பதால்
இதுவரை யாரும் யாருக்கும்
வாங்கித் தரவில்லை.

அவன் தோளைப் பார்த்துச் சொல்வான்.
நான் பார்ப்பது காலை.
என் நாற்காலிக்குத் தெரிவது அவ்வளவுதான்.

இமோஜென் த்ரெல்ஃபால், ஹல் ஊர்க்காரி, ஆறடி.
அவள் சர்வீஸ் விழும்போது
பந்து பொறுக்கும் பையன் கண்ணை மூடிக்கொள்கிறான்.
பசவராஜ் அப்போதே எழுதிவிட்டான்.
ஆனால் தோற்கிற கேமில்
அவள் குதிகால் தரையில் படிகிறது.
குதிகால் படிந்தவள் பஸ்ஸுக்கு நிற்கிறவள்.

டாம்சின் பியூ, வேல்ஸ்.
பாயின்டுக்குப் பாயின்ட் லேஸை அவிழ்த்துக் கட்டுகிறாள்.
கம்பிவேலிக்கு வெளியே அவள் அப்பா,
வெயிலில் தக்காளியாகி,
அவளுக்கென்று கொண்டுவந்த வாழைப்பழங்களை
ஒவ்வொன்றாய்த் தானே தின்கிறார்.
வீட்டை அடமானம் வைத்த முகம்
எந்த தேசத்திலும் ஒன்றுதான்.
லோன் செக்‌ஷனில் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

கெசையா ப்ரூக் இரண்டாம் நாளே
வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலாவது, ஹாரோவிலிருந்து ஆரபி யோகராஜா.
வயது பதினெட்டு, ராங்க் ஐந்நூற்றுச் சொச்சம்.
ஒரு டபுள் ஃபால்ட். வலையில் பந்து.
என் பக்கம் திரும்பி நடந்தவள்
பல்லிடுக்கில் சொன்னாள்:
"விசரி, என்னடி செய்யிறாய்?"

பிறகு இன்னொன்றும் சொன்னாள்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

கெட்ட வார்த்தை கேட்டால்
நடுவரிடம் நடந்துபோய்ச் சொல்லவேண்டும், விதி.
நடுவர் புனேக்காரர்.
அவர் காதுக்கு அது ஒரு தும்மல்.
மைதானத்தில் அந்த வார்த்தை தெரிந்தவர்கள் இரண்டு பேர்,
ஒருத்தி சொன்னவள்.
நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என் தராசில்
ஒரு விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.
அவள் கால் உண்மையிலேயே அவ்வளவு சுருக்கா?
பக்கவாட்டில் வைக்கும் அந்தச் சின்ன இரண்டாம் அடி
மற்றவர்களுக்கு இல்லையா,
நான்தான் பார்க்கவில்லையா?

மூன்றாவது செட், நாலுக்கு ஐந்து, முப்பதுக்கு நாற்பது.
ஓடிப் பிடித்து அவள் அடித்த பந்து
இரண்டு விரற்கடை வெளியே விழுந்தது.
மனசுக்கு முன்னால் கை நீண்டுவிட்டது.
"அவுட்!"

அவள் நடுவரைப் பார்க்கவில்லை.
காலையில் தண்ணீர் கேன் பையனிடம்
நான் தமிழில் சண்டை போட்டதைக் கேட்டிருக்கவேண்டும்.
"உண்மையா வெளியால போச்சுதா, அக்கா?"

பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
நீட்டிய கையை மடக்காமல் நின்றேன்.
ஆட்டம் முடிந்து, கைகுலுக்கி, பையைத் தூக்கும்வரை
அவள் குதிகால் தரையில் படவில்லை.
இதையும் நான் பார்த்தேனா, பார்க்க விரும்பினேனா,
சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன்.

டயரியில் ஏழு வருடப் பெயர்கள் இருக்கின்றன.
ஒருத்திக்கு மணிக்கட்டில் மூன்றாம் முறை தையல்.
ஒருத்தி லீட்ஸில் பல்மருத்துவம் படிக்கிறாள்.
ஒருத்தியைப் பற்றி எதுவும் தெரியவில்லை.
போன ஜூலையில் டிவியில்
பச்சைப் புல்லில் நின்று அழுத பெண்
இதே கோட்டில் என்னைத் தாண்டிப் போனவள்தான்.
அவள் பெயரை நான் எழுதவில்லை.
அவள் காலும் நினைவில்லை.

சாயங்காலம் கேட்டருகே பசவராஜ்,
"யாரு, ஹேளு?"

பந்து தெரியவில்லை என்றால்
இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை மறைத்துக் காட்டவேண்டும்.
அப்படிக் காட்டினேன்.

"அப்படின்னா நடுவர்தான் சொல்லணும்" என்று சிரித்து
அவன் உயர நாற்காலியைப் பார்த்தான்.
அங்கே யாரோ குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹலசூர் பஸ் வர நேரமாயிற்று.
நின்ற இடத்தில் குனிந்து
என் குதிகாலைப் பார்த்தேன்.