சோதனை – வாங்க வேண்டாம்

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு.
வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் போகவேண்டும் என்றாள் தொவிலே
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
கடையை விற்கிறாள். வாங்குகிறவருக்குச்
சுத்தமான பட்டியல் வேண்டுமாம்.

பக்கத்துக்கு ஐம்பதுதான் காட்டும் எங்கள் மென்பொருள்.
தலைப்பில் உள்ள சின்னக் கட்டத்தில் ஒரு தட்டு,
ஐம்பதுக்கும் டிக் விழும்.
பிறகு ‘நீக்கு’.
பிறகு ‘நிச்சயமாகவா?’
பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்.
இருநூற்று முப்பத்து மூன்று தடவை
நிச்சயம் என்று சொல்லவேண்டும் நான்.
கல்யாணத்தில்கூட ஒரு தடவைதான் கேட்டார்கள்.

கௌனாஸில் டிசம்பர்; நாலு மணிக்கே
சன்னல் கண்ணாடியில் என் முகம்.

யார் கையிலும் இல்லாத போன்களுக்கான உறைகள்.
கம்பெனி மூடிய பிறகும் அடுக்கில் நிற்கும் வாக்யூம் கிளீனர் பைகள்.
ஒரே கரண்டி, பதினான்கு நிறம், பதினான்கு பொருளாக;
சிவப்பு மட்டும் இரண்டு விற்றிருக்கிறது.
ஏழு வருடமாக ‘விரைவில் வரும்’ என்று சொல்லும்
மஞ்சள் மழைக்கோட்டு, மிகச் சிறிய அளவு.
அதற்காகப் பதிவு செய்து காத்திருந்த குழந்தைக்கு
இப்போது மீசை வந்திருக்கும்.
டிக்.

சத்தமே வருவதில்லை.
கீழே கிடங்கில் ஒரு பெட்டியும் அசைவதில்லை.
கின்தவுதஸ்தான் படியேறி வந்து
கையில் ஒரு பையை ஆட்டிக் காட்டினான்:
ஸ்கேன் பண்ணினால் அப்படி ஒன்று இல்லை என்கிறது,
பிடித்துக்கொண்டு நிற்கிறேனே.
கீழேயே வை என்றேன்.
எங்கே என்று கேட்டான்.

தொண்ணூற்றேழாம் பக்கத்தில் அது இருந்தது.
‘சோதனை – வாங்க வேண்டாம்.’
இரண்டாயிரத்துப் பதினொன்று.
படத்தில் யாருடையதோ கட்டைவிரல், பாதி மங்கல்.
விலை ஒரு சென்ட், லித்தாஸ் காலத்துச் சென்ட்;
யூரோ வந்தபோது பூஜ்ஜியமாகியிருக்க வேண்டும்,
யாரோ மனம் வராமல் ஒன்றாகவே விட்டிருக்கிறார்கள்.
விற்றது: மூன்று.
மூன்றையும் வாங்கியவர் ஒருவரே,
பனெவேஜிஸ் ஊர், வைதோதாஸ் என்று பெயர்.
ஐந்து நட்சத்திரம்.
‘நேரத்துக்கு வந்தது. நன்றி.’

என்ன வந்தது?
தொவிலேயை போனில் கேட்டேன்.
நீக்கு என்றாள்.
கின்தவுதஸைக் கேட்டேன்.
யோசிக்கிறேன் என்று கீழே போனான்.
நிச்சயமாகவா என்றது திரை.
கூட இருந்த நாற்பத்தொன்பதோடு அதுவும் போனது.

மறுநாள் காலை காப்பிக் குவளையோடு உட்கார்ந்தால்
ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.
உறைகள். பைகள். பதினான்கு கரண்டிகள்.
மழைக்கோட்டு, விரைவில் வரும்.
சப்ளையரின் கோப்பு இரவு இரண்டு மணிக்குத் தானே இறங்குமாம்;
எதைக் காணோமோ அதை நிரப்பிவிட்டுப் போகுமாம்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
முதுகு வலித்தது, சிரிப்பும் வந்தது.

அதை மட்டும் தேடிப் பார்த்தேன்.
பெயரால் தேடினேன், எண்ணால் தேடினேன்.
வரவில்லை.
சோதனையை எந்த சப்ளையர் அனுப்புவார்?

தொவிலே யாரையோ கூப்பிட்டு அந்தக் குழாயை அடைத்தாள்.
நான் மறுபடி முதல் பக்கத்திலிருந்து
நூற்று எண்பத்தேழு தடவை நிச்சயம் சொன்னேன்.
வியாழன் இரவு விரல் நுனியில்
எலியின் சூடு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை கையெழுத்தெல்லாம் ஆனபின்
வாசலில் பூட்சில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே
கின்தவுதஸ் சொன்னான்:
உறை.
எந்த போனுக்கு என்றேன்.
போன் இல்லை, தபால் உறை. காலி உறை.
ஆர்டர் என்று வந்துவிட்டதே, அனுப்பாமல் இருக்க முடியுமா?
முகவரி எழுதி, ஒட்டி, தலை ஒட்டி அனுப்பினேன்.
மூன்று தடவையும்.
இரண்டாவதில் மட்டும்
ஒரு ரப்பர் பேண்டு போட்டதாக ஞாபகம்.