நீர் வரையத் தெரிந்தவர் தேவை

முதல் பாகம் முடியும் இடத்தில்
விளக்குக்காரி ஒரு கதவின் முன் நிற்கிறாள்.
கைப்பிடியில் கை.
திரை கறுத்துவிடுகிறது.

எனக்கு அப்போது
பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு லீவு.
இப்போது ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
இடது காலும் வலது காலும்
ஒரே ஜோடிதானா என்று பார்க்கிற வேலை.
பதினேழு வருஷம்.
அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.

தோட்டப்பாளையத்தில் நயாஸின் கடை.
ஆறு கம்ப்யூட்டர் இருந்தது, இப்போது இரண்டு.
மிச்ச இடத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன்,
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு ஊர் திரும்ப டிக்கெட்.
ஞாயிறு இரவு அங்கேதான் கூடுவோம்:
நயாஸ், தவமணி, நான்,
டூட்டி இல்லாவிட்டால்
காட்பாடி ஜங்ஷன் பாயிண்ட்ஸ்மேன் எபிநேசர்.

ஒரு தடவை பதினோரு செகண்ட் வீடியோ விட்டார்கள்.
ஒரு கடல்காகம் பறந்தது, அவ்வளவுதான்.
எபிநேசர் றெக்கை அடித்ததை எண்ணினான்: ஏழு.
"ஏழு வருஷத்துல வருதுடா."
ஏழு வருஷம் வந்தது, போனது.
"ரெண்டு றெக்கை இல்ல? அப்ப பதினாலு."
யாரும் சிரிக்கவில்லை.
நான் போனில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த வேலை விளம்பரம்.
தவமணிதான் கண்டுபிடித்தான்:
நீர் வரையத் தெரிந்தவர் தேவை.
அலை, நுரை, ஈரமான கல்.
மூன்று வாரம் அதையே பேசினோம்.
கடலா, ஏரியா,
வெள்ளத்தில் மூழ்கிய ஊரா.
பாலாற்றுப் பாலத்தில் பைக்கை ஓட்டிக்கொண்டே
"கடலாத்தான் இருக்கும்" என்று கத்தினான் தவமணி.
கீழே மணலில் லாரி போன தடம்,
சீமைக்கருவேலம்,
மூன்று குச்சி நட்டு கிரிக்கெட் ஆடும் பசங்க.
"ஆறுன்னு வச்சா?" என்றேன்.
"ஆத்துல இன்னா அலை?" என்றான்,
கீழே பார்க்காமலே.

சௌமென் வந்தது சித்திரை வெயிலில்.
அப்பாவின் ஃபைலை லேமினேட் பண்ண வந்தவன்
ஓரத்துக் கம்ப்யூட்டரில் விளக்குக்காரியைப் பார்த்துவிட்டான்.
பாதி இந்தி, பாதி கை.
அதற்கப்புறம் தினமும் வந்தான்,
லாட்ஜ் சாவி விரலில் சுற்ற,
மால்டா பக்கம் ஏதோ ஊர்.
எங்கள் கணக்கெல்லாம் கேட்டான்:
றெக்கை, நீர், பதினாலு.
தலையை ஆட்டினான்.
எழுந்து போய்
திரையில் அவள் மணிக்கட்டின் மேல் விரலை வைத்தான்.

அவள் திறக்கப் போகவில்லை என்றான்.
அந்தப் பக்கமிருந்து ஏதோ தள்ளுகிறது,
அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜெராக்ஸ் மிஷின் மட்டும் ஓடியது.

பதினேழு வருஷமாக அந்தக் கையைப் பார்க்கிறோம்.
பாஸ்வேர்டு தேடினோம்,
கதவின் ஆணியை எண்ணினோம்,
பாட்டைத் தலைகீழாக ஓட்டிக் கேட்டோம்.
கையைப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு நாள் கழித்து
சௌமென் சொல்லாமல் போய்விட்டான்.
டிக்கெட் போட்டது நயாஸ்.
எத்தனை பேருக்கு என்று நான் கேட்கவில்லை.
நயாஸும் சொல்லவில்லை.

போன வாரம் கம்பெனி ஒரு வரி போட்டது:
"வேலை நடந்துகொண்டிருக்கிறது."
தவமணி வழக்கம்போல எழுத்தை எண்ண ஆரம்பித்தான்.
எபிநேசர் எண்ணவில்லை.
பத்து மணி, கடை அடைக்கிற நேரம்,
எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கி
கைப்பிடியைப் பிடித்தான்.
"நான் லீவர் புடிக்கிறவன்டா.
இழுக்கும்போது கட்டைவிரல் இப்டி நிக்காது.
எது வெளுக்குது பாரு."

நாங்கள் மூன்று பேரும்
ட்யூப்லைட் வெளிச்சத்தில் குனிந்து
அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெளியிலிருந்து ஷட்டரை யாரோ தட்டினார்கள்.
ஷட்டருக்குக் கீழே ரப்பர் செருப்பு,
பேன்ட் ஓரத்தில் ரயில் அழுக்கு,
புரியாத ஒரு பாஷையில் நாலைந்து வார்த்தை,
கடைசியில் ஒன்று மட்டும் புரிந்தது:
ஜெராக்ஸ்.

எபிநேசர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான்.