நாற்பது சொல்லுக்குள்

டச்சுக் குடாவுக்கு முகம் கொடுத்து நிற்கிற அந்த வீட்டுக்குப்
பித்தளைப் பலகை அடிக்கப் போகிறார்கள்.
வரலாறு நாற்பது சொல்லுக்குள் வேண்டுமாம்,
மூன்று மொழியிலும் ஒரே நீளம்,
வெள்ளிக்கிழமைக்கு முன்.

அளவுநாடாவோடு போனேன்.
சுவர்த் தடிப்பு இரண்டடி எட்டங்குலம்.
முருகைக்கல், சிப்பிச் சுண்ணாம்பு,
நடுநடுவே எங்கிருந்தோ வந்த கருங்கல்.
பழைய படத்தில் ஆறு தூண். நான்குதான் நிற்கின்றன.
சவுத்சீயிலிருந்து ஒருத்தி எழுதிக் கேட்டிருந்தாள்,
தன் தகப்பன் மலேரியாவோடு சாய்ந்து கிடந்த தூண்,
கிழக்கிலிருந்து இரண்டாவது, இருக்கிறதா என்று.
இல்லை என்று எழுத இன்னும் கை வரவில்லை.

அபூசாலி சுரண்டத் தொடங்கினார்.
"தங்கச்சி, தள்ளி நில்லுங்க, தூள் கண்ணுல விழும்."
அன்று முழுக்க அவர் பேசியதில் பாதி அதுதான்.

முதலில் உரிந்தது பச்சை,
தொண்டு நிறுவனத்தார் மிஞ்சிய பெயின்ட்டில் அடித்தது.
அதன் கீழே சாம்பல். சாம்பலின் மேல், என் நெஞ்சுயரத்தில்,
ஒரு பழுப்புக் கோடு:
மார்கழியில் ஒரு காலை கடல் வந்து நின்ற மட்டம்.
கோட்டுக்குக் கீழே மணல்மூட்டை உரசிய சொரசொரப்பு,
துவக்கைச் சாத்திச் சாத்திக் குழிந்த மூலை.
பிறகு நீலம். நீலத்தில் கரியால் யாரோ எழுதிய கணக்கு:

முன்னறை 14. சாப்பாட்டறை 21.
குதிரை லாயம் 9, கைக்குழந்தை 1.

அந்த ஒன்றை வெட்டி, மறுபடி எழுதியிருந்தது.

அபூசாலியின் கத்தி அங்கே நின்றது.
சுரண்டுங்கள் என்று நானும் சொல்லவில்லை.
பக்கத்துச் சுவருக்குப் போனோம்.

அங்கே வெண்ணெய் நிறம்: திருமதி ஃபெல்சிங்கரின் விடுதி,
ஞாயிறு மதியம் மீன் கட்லட், சுருதி கெட்ட பியானோ, கடன்கொப்பி.
சன்னல் விளிம்பில் கறுப்பு, ஜப்பான் விமானத்துக்குப் பயந்து பூசியது.
அதற்கும் கீழே வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
பதினொன்றுக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன்.

பின்னேரம் மூன்றரைக்கு ஒரு கருங்கல் ஆடியது.
இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினார்.
சுவருக்குள் மறைந்திருந்த முகத்தில்
ஒரு தாமரை. பாதித் தாமரை.
இதழ் நுனியில் உளித்தடம், நேற்றுச் செதுக்கியதுபோல.

சிவன் காலடியிலும் தாமரை உண்டு,
புத்தர் காலடியிலும் உண்டு.
இந்த ஊரில் அதுதான் பயம்.
ஒரு கல் வெளியே வந்தால் பின்னால் கொடி வரும்,
கொடிக்குப் பின்னால் கொட்டில்,
கொட்டிலுக்குக் காவலாய்ப் பொலிஸ்.

"இத எந்தப் பக்கம் பார்க்க வெக்கிற?"
கல்லைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு
அபூசாலி கேட்டார்.

என் கையில் பென்சில்.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

பலகை வாசகம் முப்பத்தெட்டுச் சொல்லில் முடிந்தது.
அதில் மூன்று, கருதப்படுகிறது.

வெளியே வந்தேன்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
காற்றுக்குப் பறந்த தூளை நக்கிக்கொண்டிருந்தது,
உப்புக்காக. நாக்கு பச்சையாக இருந்தது.
உள்ளே சாந்து குழைக்கிற சத்தம்.
எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை.
திரும்பிப் பார்க்கவும் இல்லை.