வலைக்குக் கட்டம் இல்லை

உச்சிப்புளியில் தரையை விடும்போதே
வாடை வாலைப் பிடித்துத் திருகியது.
பெடலை மிதித்து மிதித்து
மூக்கை வடக்குக்கு இழுத்துவந்தேன்.
கீழே பனைகள்,
எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து
எதையோ ஒட்டுக்கேட்பதுபோல.

தங்கச்சிமடத்திலிருந்து போன ஆள்
இரண்டு ராத்திரியாகத் திரும்பவில்லை.
தெர்மாகோல் மிதவை, ஒரு துடுப்பு, நண்டு வலை.
நுரைத்துக் கிடக்கும் கடலில்
ஒரு வெள்ளைப் பலகையைத் தேடச் சொன்னார்கள்.

மண்டபத்தில் ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள்,
காற்று தணிந்ததும் பாலம் ஏறலாமென்று.
ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் கை
எங்களைப் பார்த்து ஆட்டியது.
ரயிலுக்கு அந்த வசதி உண்டு.

ஆண்கடல் அன்று படுத்துக்கிடந்தது.
பெண்கடல்தான் எழுந்து நின்றது.
கார்த்திகை பிறந்தால்
பெயர்கள் இடம் மாறிவிடும்.

கடலில் தேடுவது பார்ப்பதல்ல.
இங்கே இல்லை, இங்கே இல்லை என்று
நீலத்தைக் கட்டம் கட்டமாகக் கழிப்பது.
எரிபொருள் முள்ளும் கூடவே கழித்தது.

பிஸ்வாலுக்குத்தான் முதலில் தெரிந்தது.
"நாலு மணித் திசை, சார். பறவை...
இல்லை. சட்டை."
துடுப்பின் நுனியில் கட்டிய சிவப்புச் சட்டை.

இனி நிற்க வேண்டும்.
பறப்பதைவிட நிற்பதுதான் இந்தத் தொழிலில் பாடு.
அலையைப் பார்த்தால் அலையோடு நீயும் போவாய்.
கண்ணை அடிவானத்தில் ஆணியடித்துவிட்டு
காதைப் பின்னாலிருப்பவனிடம் கொடுத்துவிட வேண்டும்.
நாற்பதடி. ஒரே எஞ்சின்.
அது ஒருமுறை இருமினால்
கமுதிக் கண்மாயில் நான் கற்ற நீச்சல்
இங்கே எந்த மூலைக்கு?

"முன்னால் ரெண்டு. வலது ஒன்று. ஸ்டெடி.
வளையம் கைக்குப் போயாச்சு. ஸ்டெடி.
சார், வலையையும் சேர்த்துக் கட்டுறான்."

என்ன?

"வலையை. அதையும் தூக்கணுமாம். கை காட்டுறான்."

அடுத்த அலை மிதவையைக் கவிழ்த்தது.
நனைந்த வலை, அதன் கற்கள், அதற்குக் கீழே கடல்,
எல்லாம் சேர்ந்து கம்பியைப் பிடித்தன.
வண்டி ஒரு தோளைத் தொங்கவிட்டது.

சிவப்பு மூடி போட்ட பொத்தான் ஒன்று உண்டு.
அழுத்தினால் கம்பி அறும்,
மேலே இருக்கும் மூன்று பேரும்
பத்து மணி டீக்குப் போய்ச் சேரலாம்.
பயிற்சியில் எத்தனையோ முறை அழுத்தியிருக்கிறேன்,
கீழே மணல் மூட்டை தொங்கும்.
மூடியைத் திறந்தேன்.
பெருவிரலை வைத்தேன்.
அந்த விரலின் எடை
இன்றைக்கும் சோறு பிசையும்போது தெரிகிறது.

"கத்தி எடுக்கிறான்," என்றான் பிஸ்வால்.

எதை அறுக்க என்று கேட்க நேரமில்லை.
வண்டி ஒரேயடியாக மேலே துள்ளியது.

தளத்தில் இறக்கியதும்
சந்தியாகு என்று பெயர் சொன்னான்.
ஒரு சொம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடித்தான்.
வலை இருபத்திரண்டாயிரம் என்றான், என்னைப் பார்த்து,
ஏதோ நான்தான் பாக்கி வைத்ததுபோல.

அறிக்கையில் கட்டங்கள் இருந்தன.
காற்று, நேரம், எரிபொருள்,
மீட்கப்பட்ட உயிர்: ஒன்று.
வலைக்குக் கட்டம் இல்லை.
'குறிப்பு' என்ற இடத்தில் எழுதி அனுப்பினேன்.
மேலே யாரோ அதைப் பேனாவால் அடித்திருந்தார்கள்,
கோடு மட்டும் நேராக இருந்தது.

போன வருஷமும் இப்படித்தான்.
மரைக்காயர்பட்டினத்துக் கரையில் தாழ இறங்கி
காயப்போட்ட நெத்திலியையெல்லாம்
விசிறிக் காற்றால் மணலோடு கலந்துவிட்டேன்.
காலிக் கூடையோடு ரெஜினாள் என்பவர்
கேட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்க நின்றார்.
அதற்கும் கட்டம் இல்லை.

சாயங்காலம் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் காட்டி
உப்பைக் கழுவினோம்.
ஒவ்வொரு நாளும் கழுவுவதுதான்.
உப்புக்கும் அது தெரியும்.

மாசியில் அதே பக்கம் ரோந்து போனேன்.
புது மிதவை. பச்சை வலை.
கடனாக இருக்கும்.
அண்ணாந்து பார்த்தவன்
துடுப்பை ஓங்கி விரட்டினான்,
நண்டு கலைகிறதாம்.

இருநூறடி கூடுதலாக ஏறிக்கொண்டேன்.