மூன்றாவது யன்னல்

எங்கள் ஸ்டோரில் சிக்னல் கிடைப்பது
வாடல் மாடியில் மூன்றாவது யன்னலில் மட்டும்.
அதுவும் உடைந்த கண்ணாடிக்கு அட்டை வைத்த பக்கமாய்
உடம்பை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

கொழுந்து புரட்டி வருகிறேன் என்று
மணிக்கு ஒருதரம் ஏறுவேன்.
புரட்டுவதும் உண்டு.
பச்சை வாடுகிற மணத்துக்குள் போனைத் தூக்கிப் பிடித்தால்
உலகம் வரிசையாக இறங்கும்,
தலைப்புகள் மட்டும்.
விரலால் தொட்டால் வட்டம் சுற்றும், சுற்றும்,
உள்ளே விடாது.
முண்டமில்லாத தலைகளைப் பொறுக்கிக்கொண்டு
பதினெட்டுப் படி இறங்குவதற்குள் பாடமாக்கி
ஆறு ரோலர் உருளும் இரைச்சலுக்கு மேலாகக் கத்துவேன்.

"அமைச்சர் ராஜினாமா!"
"யாரோட ராசியானாராம்?" என்பாள் அழகேஸ்வரி,
சல்லடையிலிருந்து முகம் எடுக்காமல்.

"படம் நூறு கோடி வசூல்!"
"நூறு கோழியா? எந்த லயத்துல கல்யாணம்?"

"நடிகைக்கு ரெண்டாவது குழந்தை!"
"ரெண்டாவது கொழுந்தா? எத்தனை கிலோ?"
அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.
மூன்று கிலோ இருநூறு. தலைப்பிலேயே போட்டிருந்தார்கள்.

"செவ்வாயில் தண்ணீர், விஞ்ஞானிகள் உறுதி!"
இதை நேசமலர் மேல் லயத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.
செவ்வாய்க்கிழமை விடிய முன்னமே
பீலியடியில் முப்பது வாளி, இரண்டு அண்டா,
ஒரு பிள்ளை குளிக்கும் பேசின்.
நான் போர்வைக்குள் ஒளிந்துகொண்டேன்.
ஆனால் வந்தது.
பத்து நிமிஷம், செம்மண் கலந்து, வந்தது.
அன்றிலிருந்து விஞ்ஞானிகள் மேல்
எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கோபமில்லை.

புஸ்பநாதன் கிரிக்கெட் மட்டும் கேட்பான்.
பந்துலவுக்குச் சிங்களத்தில் ஒருதரம் கத்த வேண்டும்,
அவனுக்கு மட்டும் எப்படியோ எல்லாம் சரியாகக் கேட்கும்,
தலையை ஆட்டிவிட்டு எதையும் சொல்லமாட்டான்.
டீமேக்கர் ஐயா வந்தால் நான் வாயசைப்பதை நிறுத்துவேன்.
செய்தி தொண்டையில் நின்று ஆறும்.

போன மாதம் ஓர் இரவு.
பொகவந்தலாவைப் பக்கம் மின்னி மின்னி இருட்டியது.
மாடியில் பிடித்த கடைசித் தலையோடு இறங்கி
வழக்கம்போல் முழுத் தொண்டையில் தொடங்கினேன்:
"தேயிலை ஏற்றுமதி வருமானம்
ஐந்து வருஷம் காணாத..."

கரண்ட் போனது.
ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூச்சு விட்டு நின்றன.
நிறுத்த முடியாமல் என் வாயிலிருந்து மிச்சமும் வந்து விழுந்தது:
"...உயர்வு!"

கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சொல்.
முதல்தடவையாக எல்லோருக்கும்
ஒரே செய்தி கேட்டது.

டிரையர் அடுப்பின் சிவப்பில்
முழங்கால்கள் மட்டும் தெரிந்தன.
தனபாலனின் மனைவிக்கு அன்றைக்கு இரண்டு கிலோ குறைவு,
அரைப்பேர்.
அவன் கையில் ஒட்டியிருந்த சாற்றை
சாக்கில் துடைத்துக்கொண்டிருந்தான்,
துடைத்து முடித்த பிறகும்.
யாராவது பிழையாகக் கேட்டிருக்கலாம்.
உயரம் என்றோ, துயர் என்றோ
எதையாவது.

கனநேரம் கழித்து அழகேஸ்வரியின் குரல்:
"அது கெடக்கு. அந்த நடிகை புள்ளைக்குப்
பேரு போட்டாச்சா?"

"முழுப்பேரா, அரைப்பேரா?"
கேட்டது தனபாலன்தான்.

இருட்டில் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
பந்துலவும் சிரித்தான்,
அவனுக்கும் அன்று அரைப்பேரைச்
சிங்களத்தில் சொல்லத் தேவைப்படவில்லை.

போனைப் பார்த்தேன், கீழேதானே நிற்கிறேன்,
வட்டம் கூடச் சுற்றவில்லை.
"இன்னும் வைக்கலையாம்" என்று நானாகச் சொன்னேன்.
சொல்லும்போதே கரண்ட் வந்துவிட்டது.
ரோலர்கள் உருண்டன.

என்ன என்ன என்று
ஆறு பக்கமும் கைகள் காதுக்குப் போயின.